நின்ற தேரும் நில்லாத ஓசையும்: மஹாகவியின் ‘தேரும் திங்களும்’

வடம் பிடித்தவர்கள் அறிந்த உண்மை ஒன்றுண்டு. தேர் தனியொருவனின் வலிமையால் நகர்வதில்லை. பலருடைய வலிமை கூடினால் மட்டும் நகர்வதுமில்லை. அவ்வலிமை அனைத்தும் ஒரே கணத்திற் செயற்படல் வேண்டும். முன்னே நிற்பவர் குரல் கொடுக்க, ‘அரோகரா’ என்று வெளிவீதி முழுவதும் அதனை ஏற்க, எல்லாக் கால்களும் ஒருங்கே மண்ணில் ஊன்ற, தேர்முட்டியில் மலைபோல் நின்றது ஒரு முழம் அசைகிறது. பின்னர் ஒரு நிறுத்தம். சில்லுக்குக் கட்டை போடப்படுகிறது. மீண்டும் ஒரு குரல், மீண்டும் ஓர் இழுப்பு. இழுப்பும் நிறுத்தமும் அளவொத்து மாறி மாறி வருவதே தேரோட்டம். யாப்பு என்பதும் ஏறத்தாழ இதுவே.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே, சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு ஆண்டுதோறும் வடம் பிடித்து வளர்ந்த மாணவன் ஒருவன், மஹாகவியின் ‘தேரும் திங்களும்’ என்னும் கவிதையை முதன்முதலிற் பாடசாலையிற் படித்தான். அதனைச் சாதிக் கொடுமையைச் சாடும் பாட்டு என்று ஆசிரியர் சொன்னார். அவனும் பரீட்சையில் அவ்வாறே எழுதிப் புள்ளி பெற்றான். பின்னர் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, விடுதியில் நிகழ்ந்த சிறு கவிதை அரங்கொன்றிலே அப்பாட்டை உரத்து வாசிக்கும் பொறுப்பு அவனுக்கு வந்தது. கண்ணாற் படித்தபோது புலப்படாத ஒன்று வாயாற் படித்தபோது அவனைத் திடுக்கிட வைத்தது. தடுப்போரின் குரல்கள் வரும் அடிகளை அடைந்ததும் அவனுடைய குரல் தானே உயர்ந்தது. நடை தானே விரைந்தது. அவ்வடிகள் நாவுக்கு இனிதாகவும் இருந்தன. கேட்டிருந்தோர் கைதட்டினர். அவனுக்கோ அந்தக் கைதட்டல் உவப்பாக இருக்கவில்லை. வெறுக்கத்தக்க சொற்களை ஓர் இன்பத்துடன் சொல்ல வைத்தது எது என்னும் வினா அவனை விட்டு நீங்கவில்லை. அவ்வினாவுக்குரிய விடை அக்கவிதையின் பொருளில் இல்லை. அதன் உருவத்திலேயே உள்ளது.

‘மஹாகவி’ எனப் புகழ்பெற்ற து. உருத்திரமூர்த்தி 1927ஆம் ஆண்டு அளவெட்டியிற் பிறந்தவர். 1971ஆம் ஆண்டு, நாற்பத்து நான்காம் வயதிற் காலமானவர். ‘வள்ளி’ (1955), ‘குறும்பா’ (1966), ‘கோடை’ (1970) முதலிய நூல்கள் அவர் வாழ்ந்த காலத்திலேயே வெளிவந்தன. ஆங்கிலத்தில் நகைச்சுவைக்குப் பயன்படும் ஐந்தடிப் பாட்டு வடிவம் ஒன்றைத் தமிழுக்குரியதாக மாற்றிக் ‘குறும்பா’ என்று பெயரிட்டவர் அவர். வடிவத்தை அலட்சியம் செய்த கவிஞர் அல்லர் அவர் என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று. ‘தேரும் திங்களும்’ 1969ஆம் ஆண்டிற்குரியது. அவ்வாண்டு ஜூலை 20ஆம் திகதி மனிதன் முதன்முறையாகச் சந்திரனில் இறங்கினான்; 24ஆம் திகதி இறங்கியவர் மண்ணுக்கு மீண்டனர். அதற்கு முந்திய ஆண்டிலே, அளவெட்டிக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில், தாழ்த்தப்பட்டோர் உள்ளே சென்று வழிபடும் உரிமைக்கான போராட்டம் நிகழ்ந்தது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. சட்டம் நூலில் இருந்தது, கதவு பூட்டப்பட்டிருந்தது. அறிவியல் எட்டிய உயரத்தையும் ஊர் விட்டகலாத தாழ்வையும் ஒரே மூச்சில் நினைக்க வேண்டிய காலம் அது. அந்த ஒரே மூச்சுத்தான் இக்கவிதை.

கதை மிகச் சிறியது. ஊர் கூடித் தேர் இழுக்கிறது. ‘நாமும் போய் வடம் பிடிப்போம்’ என்னும் விருப்போடு ஓர் இளைஞன் வருகிறான். அவனும் உலகத்தாய் நொந்து பெற்ற பிள்ளையே, உழைப்பாளி, நிலவைத் தொட்டு மீண்டவனுக்குத் தம்பி முறையானவன். அவன் குனிந்து வணங்கி வடத்தைத் தொட முனையும்போது தடுக்கப்படுகிறான். குரல்கள் எழுகின்றன, கல் விழுகிறது, கொலை நிகழ்கிறது. தேர் நின்றுவிடுகிறது. தேரில் வீற்றிருக்கும் அன்னை ஊமையாய் இருக்கிறாள். நிலவைத் தொட்டு வந்தவனின் சுற்றம் மண்ணிலே கிடக்கிறது. முப்பது அடிக்கு உட்பட்ட இப்பாட்டின் பொருள் இவ்வளவே. செய்தித்தாள் ஒன்று இதனை நான்கு வாக்கியங்களிற் சொல்லிவிடும். எனின், கவிதை செய்தது என்ன?

முதலில் யாப்பை நோக்கலாம். அச்சிற் பார்க்கும்போது இக்கவிதை புதுக்கவிதையின் தோற்றத்தை உடையது. அடிகள் சமமாக இல்லை. சில அடிகள் இரண்டு சொற்களோடு முடிந்து, அடுத்த வரியில் எஞ்சியவை தொடர்கின்றன. தமிழகத்தில் 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழின் வழியே யாப்பைத் துறந்த கவிதை வேரூன்றத் தொடங்கியிருந்த காலத்தில் எழுந்தது ஆதலின், இதனையும் அவ்வரிசையிற் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் உடைந்த வரிகளை ஒட்டிப் பார்ப்பின், நான்கு சீர்கள் கொண்ட அடிகள் ஒழுங்காக வெளிப்படுகின்றன. மாச்சீருக்குப் பின் நிரை, விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேர் என்னும் வெண்டளையே பாட்டை நடத்திச் செல்கிறது. இரண்டும் மூன்றுமாக அடிகள் எதுகையாற் பிணைகின்றன. ஈற்றடி மட்டும் வெண்பாவுக்குரிய முச்சீரடியாகக் குறுகி முடிவதில்லை. சுருங்கக் கூறின், கலிவெண்பாவின் நடையை ஏற்று, அதன் முடிப்பை மட்டும் மறுத்த பாட்டு இது.

இந்த நடை எங்கிருந்து வருவது? மாணிக்கவாசகரின் சிவபுராணம் கலிவெண்பா. திருவெம்பாவை வெண்டளையால் வந்த கொச்சகக் கலிப்பா. யாழ்ப்பாணத்துச் சைவப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு, பொருள் விளங்குமுன்பே காதிற் படிந்துவிட்ட ஓசை இது. கோயிலின் உள்ளே பாடப்படும் ஓசையிலேயே, கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் கதை சொல்லப்படுகிறது. மஹாகவி இதனைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று ஆராய்வது தேவையற்றது. அவர் காதிலும் வாசகர் காதிலும் அவ்வோசை இருந்தது என்பதே போதும். வடத்தைத் தொட விடாதவர்களும் தொட வந்தவனும் ஒரே ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள். பாட்டின் யாப்பு அவர்கள் எல்லாருக்கும் பொதுச்சொத்து.

அவ்வாறாயின் வரிகளை உடைத்தது ஏன்? உடைந்த இடங்களைக் கூர்ந்து நோக்கினால் அவை தற்செயலானவை அல்ல என்பது புலனாகும். அடியின் முதற் சீரோடு மோனை கொள்ளும் சீர் எங்கு வருகிறதோ, பெரும்பாலும் அங்கேயே புதிய வரி தொடங்குகிறது. மரபுப் பாட்டில் ஓசையாக மறைந்திருக்கும் மோனை இங்கே கண்ணுக்கும் தெரிகிறது. அத்துடன், பேசுபவன் மூச்சு விடும் இடமும் பெரும்பாலும் அதுவே. யாப்பின் எல்லையும் பேச்சின் எல்லையும் ஒன்றோடொன்று மோதாமல், ஒன்றன்மேல் ஒன்று அமர்கின்றன. ஈழத்துக் கவிதையிற் பேச்சோசை என்று விமரிசகர் பாராட்டும் பண்பு யாப்பைத் துறந்ததனால் வந்ததன்று. யாப்புக்குள்ளேயே பேச்சின் நிறுத்தங்களைக் கண்டுபிடித்ததனால் வந்தது. வாக்கியம் அடியின் நடுவிலே முடிந்து, மற்றொரு வாக்கியம் அவ்வடியிலேயே தொடங்குவதும் இப்பாட்டில் உண்டு. அடிதோறும் பொருள் முடியவேண்டும் என்னும் வழக்கத்தை இது தளர்த்துகிறது. ஆயினும் தளை தளர்வதில்லை.

இனி, எதுகை. இப்பாட்டில் மூன்று எதுகைக் குடும்பங்கள் முதன்மையானவை. ஊரையும் தேரையும் பாரையும் சொல்லும் அடிகள் ரகர எதுகையால் இணைகின்றன. இளைஞனின் வருகையைச் சொல்லும் அடிகளில் நகர மெய்யும் தகரமும் அடுத்து ஒலிக்கும் எதுகை மீண்டும் மீண்டும் வருகிறது; அன்னை அவனை நொந்து பெற்றதும், மனிதச் சிந்தனை சிறகு விரித்ததும், முந்தநாள் நிலவைத் தொட்டதும் அவ்வெதுகைக்குள்ளேயே அடங்குகின்றன. தடுப்போர் பேசத் தொடங்கியதும் லகர மெய் எதுகை தொடங்குகிறது. கொலை முடியும் வரை ஏழு அடிகளுக்கு அது விடாது தொடர்கிறது. பாட்டின் வேறெப்பகுதியிலும் ஓர் எதுகை இவ்வளவு நீளமாக ஓடவில்லை. அந்த ஏழடிகளும் முடிந்தபின் ரகரம் திரும்புகிறது. அப்போது தேர் நின்றுவிட்டது. கடைசி இரண்டு அடிகளில் இளைஞனுக்குரிய எதுகை திரும்புகிறது. அப்போது அவன் இல்லை. எதுகை என்பது இங்கே காதுக்கு இனிமை சேர்க்கும் அணிகலன் அன்று; யாருடைய இடம் இது, யார் அதனைப் பறித்தார் என்பதைச் சொல்லும் எல்லைக் கல்.

மூன்றாவதாக, மீண்டு வரும் சொற்கள். தண்டியலங்காரம் சொல்லும் பொருளும் மீண்டு வருவதைப் பின்வருநிலையணி என்று வகுத்துரைக்கும். அழகுக்காக மீள்வது ஒன்று. நிலைமை மாறியதைக் காட்டுவதற்காக மீள்வது மற்றொன்று. இக்கவிதையில் வருவது இரண்டாவது வகை. வருதல் என்னும் வினையின் இறந்தகால முற்று அடியின் தலையில் மூன்று முறை இடம்பெறுகிறது. முதன்முறை, வந்தவன் யாரோ ஒருவன், அவனுக்குப் பெயரில்லை. இரண்டாம் முறை, அவன் ஓர் இளைஞன், ஒரு மனிதன். மூன்றாம் முறை, அவன் குனிந்து வணங்கி வடத்தருகே நிற்பவன். வாக்கியம் ஒரே சொல்லில் தொடங்கினும் ஒவ்வொரு முறையும் அவன் நமக்குக் கூடுதலாகத் தெரிகிறான். தேருக்கும் கூடுதலாக நெருங்குகிறான். வருகை ஒன்றே, அது மூன்று முறை சொல்லப்படுவதனால் மூன்று அடி எடுத்து வைத்தலாக நம் காதில் விழுகிறது.

இம்மூன்று அடிகளையும் அலகிட்டுப் பார்த்தால் வியப்பு மிகும். மூன்றிலும் முதற் சீர் தேமா. இரண்டாவதும் மூன்றாவதும் புளிமா. நான்காவது மட்டும் காய்ச்சீர். ஈரசைச் சீர்கள் மூன்று நடந்து, மூவசைச் சீர் ஒன்றில் ஊன்றி நிற்கும் நடை. இதனை வருகையின் வாய்பாடு எனலாம். அதில் அவசரம் இல்லை, முரட்டுத்தனமும் இல்லை. பணிவோடு நடந்து வருபவனின் நடை அது.

இதற்கு நேர்மாறானது தடையின் வாய்பாடு. இளைஞனின் கை வடத்தை நெருங்கியதும் ஆறு குரல்கள் எழுகின்றன. அடிக்கு இரண்டாக மூன்று அடிகள். முதலடியில் நிற்கவும் நிறுத்தவும் ஏவும் இரு சொற்கள். இரண்டாம் அடியில் அவனை இழிவுபடுத்தும் இரு சொற்கள். மூன்றாம் அடியிற் கொலைக்கும் தீக்கும் ஏவும் இரு சொற்கள். ஒவ்வோர் அடியிலும் முதற் குரல் ஓரசைச் சொல். இரண்டாவது குரல் அதனோடு மோனை கொண்டு சற்றே நீண்ட சொல். ஒருவன் தொடங்க மற்றவன் அதைவிடப் பெரிதாகச் சொல்வது கும்பலின் இயல்பு. அதனை அசைக்கணக்கே காட்டிவிடுகிறது. பேசியோருக்கும் பெயர் இல்லை. ஓராள், மற்றோராள், வேறோராள் என்னும் அளவிலேயே அவர்கள் நிற்கின்றனர். இளைஞனுக்குப் பெயரில்லாவிட்டாலும் தோளும் கையும் கண்ணொளியும் தரப்பட்டன. இவர்களுக்கு அவையும் இல்லை; குரல் மட்டுமே உண்டு.

இம்மூன்று அடிகளின் அலகு தேமாங்காய், தேமா, புளிமாங்காய், தேமாங்காய். மூன்றும் அசை பிசகாமல் ஒன்றே. வருகையின் அடிகளிலே காய்ச்சீர் ஒன்று, இங்கே மூன்று. சொல்வதற்கு எளிதும் கேட்பதற்குக் கனமும் உடைய இந்த ஓட்டமே விடுதி அரங்கில் அம்மாணவனின் குரலை உயர்த்தியது. ஆனால் மிக முக்கியமானது இதற்கு அடுத்த அடி. கல் விழுவதையும் கழுத்து வெட்டுண்பதையும் சொல்லும் நான்காவது அடிக்கும் இதே அலகுதான்: தேமாங்காய், தேமா, புளிமாங்காய், தேமாங்காய். பேச்சு முடிந்து செயல் தொடங்கும் இடத்தில் ஓசை மாறவில்லை. சொல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும், அங்கே யாரேனும் தயங்குவர், யாரேனும் தடுப்பர் என்று வாசகன் எதிர்பார்க்கிறான். யாப்பு அந்த இடைவெளியைத் தர மறுக்கிறது. ஐந்தாவது அடியிலேயே, பல்லும் உதடும் சிதறியபின்னரே, சீர்கள் இடம் மாறுகின்றன. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

வெறுப்பைப் பேசுவது வேறு, வன்முறையைச் செய்வது வேறு என்று அறிவுடையோர் பலர் தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொள்வதுண்டு. இழிசொல்லைச் சொன்னவன் ‘நான் கல்லெறியவில்லையே’ என்பான். அந்த ஆறுதலைப் பறிப்பதற்கு இக்கவிதை ஒரு வாதமும் செய்யவில்லை. ஓர் அறிவுரையும் கூறவில்லை. நான்காவது அடியை முதல் மூன்றின் அலகிலேயே அமைத்தது, அவ்வளவே. சொல்லே கல்லாயிற்று என்று சொல்லாமல், அதனைக் காதுக்குக் கேட்க வைத்தது. இப்பாட்டின் உருவம் செய்த பணிகளுள் தலையாயது இது எனத் துணிந்து கூறலாம்.

கொலை நிகழும் அடிகளின் இலக்கண அமைப்பும் இதற்கு இயைந்தது. குரல்கள் எழுந்த அடிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எழுவாய் உண்டு. சொன்னவன் ஒருவன் உண்டு. கல் விழத் தொடங்கியதும் செய்தவன் மறைந்துவிடுகிறான். கல், கழுத்து, உதடு, இரத்தம், நிலம் என்று பொருள்களே எழுவாயாகின்றன. எறிந்தவன் இல்லை, விழுந்தது மட்டும் உண்டு. வெட்டியவன் இல்லை, வெட்டுண்டது மட்டும் உண்டு. ‘உண்’ என்னும் துணைவினையாலமைந்த செயப்பாட்டு வினைகள் மூன்று இப்பகுதியில் வருகின்றன. வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வர, அவை அனைத்தும் முடியும் ஒரே முற்று வினை கொலையைச் சொல்கிறது. கலவரம் ஒன்றின்பின் ஊர் பேசும் மொழியும் இதுவே: ‘நடந்துவிட்டது’ என்பர், ‘நாங்கள் செய்தோம்’ என்னார். அந்த மொழியைக் கவிதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறது. இவ்விடத்தில் ‘மனிதன்’ என்னும் இலக்கியச் சொல் ‘மனிசர்’ என்னும் பேச்சு வழக்காக மாறுவதும் கவனத்துக்குரியது. பாட்டின் முற்பகுதியில் அவனை மனிதன் என்று நிறுவுவதற்குக் கவிஞர் முயன்றார். ஊருக்கு அது வெறும் செய்தி, வெறும் பேச்சு.

கொலைக்குப் பின் வரும் பகுதி முற்பகுதிக்குக் கண்ணாடி போன்றது. தொடக்கத்தில் ஊர் கூடித் தேர் இழுப்பதைச் சொன்ன சொற்கள் சில திரும்புகின்றன. ஆனால் அங்கே ஓடிக்கொண்டிருந்த தேர் இங்கே வேர் விட்ட மரம்போல நிற்கிறது. தொடக்கத்தில் உலகத்தாய் இளைஞனை நொந்து பெற்றவள். இங்கே அதே அன்னை தன் பிள்ளைகளின் மதத்தைப் பார்த்துக்கொண்டு ஊமையாய் அமர்ந்திருக்கிறாள். மதம் என்னும் சொல் சமயத்தையும் குறிக்கும், வெறியையும் குறிக்கும். ஒரு சொல்லில் இரு பொருளும் பிரிக்க இயலாமல் நிற்பதே அவ்விடத்துக் கசப்பு. தொடக்கத்திலே, நிலவைத் தொட்டு மீண்டவனுக்கு அவன் தம்பி. முடிவிலே, வந்தவனின் ‘சுற்றம்’ மண்ணிற் கிடக்கிறது. தம்பி ஒருவன், சுற்றம் பலர். உறவுச் சொல் விரிந்ததனால் இழப்பும் விரிகிறது. இறந்தவனோடு, இழித்தவரும் எறிந்தவரும் அச்சுற்றத்துள் அடங்குவரோ என்னும் ஐயமும் எழுகிறது. நிலவுக்குப் போனவனுக்கு இவ்விரு சாராரும் உறவினர்தாமே.

வருதல் என்னும் வினை இங்கு நான்காம் முறையாக வருவதும் காண்க. முதல் மூன்று முறையும் அதற்குரியவன் வடம் பிடிக்க வந்த இளைஞன். நான்காம் முறை, வினைமுற்று வினையாலணையும் பெயராக மாறி, நிலவிலிருந்து வந்தவனைக் குறிக்கிறது. நிலவுக்குச் சென்றவன் மீண்டு வந்தான். வீதிக்கு வந்தவன் மீளவில்லை. 1972 டிசம்பருக்குள் பன்னிருவர் நிலவில் நடந்து திரும்பினர். வானத்தைக் கடந்து திரும்பும் வழி மனிதனுக்குத் தெரிந்திருந்தது. கோயிலின் வெளிவீதியிற் சில முழத் தூரத்தைக் கடக்கும் வழி திறக்கவில்லை. இம்முரணை விளக்கும் வாக்கியம் கவிதையில் இல்லை. ஒரு வினைச்சொல்லின் நான்கு வருகைகளே அதனைச் சொல்கின்றன.

முதலடியின் இறுதிச் சொல்லும் முடிவடியின் இறுதிச் சொல்லும் நிகழ்கால வினைகள். முன்னது ஊர் தேரை இழுத்துக்கொண்டிருப்பதைச் சொல்வது. பின்னது சுற்றம் மண்ணிற் புரண்டுகொண்டிருப்பதைச் சொல்வது. இரண்டும் கருவிளங்காய்ச் சீர்கள். இடையில் நிகழ்ந்தவை பெரும்பாலும் இறந்தகாலத்திற் சொல்லப்பட, தொடக்கமும் முடிவும் மட்டும் நம் கண்முன் நிகழ்வனவாக உள்ளன. தேர் நின்றுவிட்டது, ஓசை நிற்கவில்லை. கலிவெண்பாவுக்குரிய குறுகிய ஈற்றடியைக் கவிஞர் மறுத்ததன் காரணமும் இங்கே விளங்குகிறது. முடிந்த கதைக்கே முடிப்பு வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் குறையொன்றையும் மறைக்காது கூறுதல் முறை. இளைஞனின் உள்ளக் கிடக்கையைச் சொல்லும் இடத்தில் ‘இங்கு’ என்னும் பொருளில் ஒரு பழஞ்சொல் எதுகை நோக்கி வந்து அமர்ந்திருக்கிறது. முந்தநாள் என்று இயல்பாகப் பேசும் பாட்டில், அவ்விடத்தில் மட்டும் உழைப்பாளி இளைஞன் புலவனாகிவிடுகிறான். தடுப்போரின் சொற்களில் உள்ள உயிர் அவனுடைய விருப்பத்தைச் சொல்லும் சொற்களில் இல்லை. நல்லெண்ணத்துக்குரிய மொழியைக் காட்டிலும் வெறுப்புக்குரிய மொழி கவிஞருக்கு இயல்பாகக் கைவந்ததோ என்று வினவுவாரும் உளர். அவ்வினாவில் உண்மை இல்லாமல் இல்லை. வெறுப்பின் சொற்கள் ஊரிலே நாள்தோறும் வழங்கித் தேய்ந்து கூர்மை பெற்றவை. எல்லாரும் ஒன்றிநிற்றல் என்பதற்கு ஊர்ப்பேச்சில் அத்தகைய சொல் இன்னும் உருவாகியிருக்கவில்லை. ஆதலாற் கவிஞர் ஏட்டுக்குச் செல்ல நேர்ந்தது. இது கவிஞரின் குறை என்பதினும் அவர் பெற்ற மொழியின் குறை எனல் பொருந்தும்.

ஈழத்து விமரிசனத்தில் உருவம், உள்ளடக்கம் பற்றிய வாதம் நீண்டகாலம் நடைபெற்றது. உள்ளடக்கமே உயிர், உருவம் ஆடை என்பார் ஒருபுறம். உருவமே கலை என்பார் மறுபுறம். இக்கவிதையை முன்வைத்து நோக்கின் அவ்வாதத்தின் இருதரப்பும் குறையுடையனவாகத் தோன்றும். இதன் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்பவருக்குக் கிடைப்பது, எவரும் மறுக்காத ஒரு கண்டனம். மறுக்காத கண்டனம் எவரையும் வருத்துவதுமில்லை. சாதி பார்ப்பவனும் அதற்குத் தலையசைப்பான். இதன் உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்பவருக்குக் கிடைப்பது தேமாவும் புளிமாவும். இரண்டும் ஒன்றாகும் இடத்திலேயே கவிதை வாசகனைத் தொடுகிறது. கல்லெறிந்தவனின் ஓசை தன் நாவிலும் தடையின்றி ஓடியதை அறிந்த வாசகன், அதன்பின் வெளியே நின்று கண்டிப்பவனாக இருக்க முடியாது. யாப்பு அவனையும் வடத்தோடு பிணைத்துவிடுகிறது.

விடுதி அரங்கிற் பாட்டை வாசித்த மாணவன் பின்னர் ஒருநாள் அதனை மீண்டும் வாசித்தான். இம்முறை கேட்போர் எவருமில்லை. தடையின் அடிகளிற் குரலைத் தாழ்த்திப் பார்த்தான். நிறுத்தி நிறுத்தி வாசித்துப் பார்த்தான். ஓசை அதற்கு இடங்கொடுக்கவில்லை. நான்காவது அடி, முதல் மூன்றின் வேகத்திலேயே வந்து விழுந்தது. அப்போது அவனுக்குத் தன் ஊர்த் தேர் நினைவுக்கு வந்தது. சிறுவயது முதல் எத்தனையோ ஆண்டுகள் அவன் வடம் பிடித்தவன். தனக்கு முன்னே நின்றவர் யார், பின்னே நின்றவர் யார் என்று அவனாற் சொல்ல முடிந்தது. வீதியின் மறுகரையில், வேலியோரமாக நின்று தேரைப் பார்த்துக் கைகூப்பியவர்கள் சிலர் இருந்தனர் என்பதும் நினைவிருந்தது. அவர்களுள் ஒருவரது முகத்தையேனும் நினைவுகூர முயன்றான், முடியவில்லை. அவர்கள் ஏன் அங்கே நின்றார்கள் என்று அந்நாளில் அவன் எவரையும் கேட்டதுமில்லை. அவன் எவரையும் தடுத்தவன் அல்லன். ஒரு சொல்லும் சொன்னவன் அல்லன். ஊர் கூடி இழுத்தபோது, அந்த ஊருக்குள் யார் யார் அடங்குவர் என்று எண்ணாமலே, எல்லாரோடும் சேர்ந்து குரல் கொடுத்தவன்.

அடுத்த ஆண்டுத் தேருக்கு அவன் ஊருக்குப் போனான். வடம் நீட்டப்பட்டபோது அதனைப் பிடிக்குமுன் ஒருகணம் நின்று, வேலியோரத்தைத் திரும்பிப் பார்த்தான்.